புதுப்பிப்பு: டாப்வாட்டர், ஜெர்க்பெய்ட் இரண்டுக்கும் ஒரே ராட்

மீன்பிடிக்கும் போலி இரையில் (லூர்) டாப்வாட்டர் தண்ணீர் மேலே ஓடுவது, ஜெர்க்பெய்ட் தண்ணீருக்குள் சுண்டிச் சுண்டி இழுப்பது. இந்த இரண்டு வகை லூருக்கும் ஒரே ராட் (தூண்டில் கோல்) போதுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. போதும். 6 அடி 8 அங்குலம், மீடியம் பவர் (நடுத்தர விறைப்பு), மாடரேட் ஃபாஸ்ட் ஆக்‌ஷன் (நுனியோடு நடுப்பக்கமும் கொஞ்சம் வளைவது) என்று ஒருவர் சொன்னதைத்தான் எடுத்தேன். பழைய ஏழரை அடி ராடைக் கீழ்நோக்கிச் சுண்டினால் நுனி தண்ணீரில் அடிக்கும். இதில் அந்தத் தொல்லை இல்லை. நுனி வளைந்து கொடுப்பதால் மும்முனைக் கொக்கி மீன் வாயிலிருந்து பிய்த்துக்கொண்டு வருவதும் குறைந்துவிட்டது.

எதிர்பாராதது தூண்டில் நரம்பு விஷயம். ஜெர்க்பெய்ட்டுக்குப் போட்டிருந்த ஃப்ளூரோகார்பன் நரம்பிலேயே பாப்பர் என்ற டாப்வாட்டர் லூரைக் கட்டினேன். அது மூழ்கும் நரம்பு. பாப்பரின் மூக்கைத் தண்ணீருக்குள் இழுத்துவிட்டது. முதலில் ராடைத்தான் திட்டினேன்! அப்புறம் இன்னொரு ஸ்பூலில் அவ்வளவாக மூழ்காத மோனோ (நைலான் நரம்பு) சுற்றிக்கொண்டேன், சரியாகிவிட்டது. மீன் பாய்ந்த உடனே சுண்டிவிடும் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை.