‘ஹோல் இன் தி வால்’ மெட்டு: அச்சில் எங்கெல்லாம் எதிர்ப்படுகிறது? (மூன்று புனைபெயர்க்காரர்களின் பேச்சு)

பழைய அச்சு:
‘ஹோல் இன் தி வால்’ ஒரு பழைய ஆங்கிலேய நடன மெட்டு. அதன் ஷீட் (இசைத்தாள்) பலவற்றில் இசையமைப்பாளர் இடத்தில் ‘பிளேஃபோர்டு, 1698’ என்று இருக்கும். நம்ப வேண்டாம். ஹென்றி பிளேஃபோர்டு ‘டான்சிங் மாஸ்டர்’ என்ற நடனப் புத்தகத்தை வெளியிட்ட லண்டன் பதிப்பாளர். மெட்டு ஆங்கிலேய இசையமைப்பாளர் ஹென்றி பர்செலுடையது. அஃப்ரா பென் எழுதிய ‘அப்டெலேசர்’ நாடகம் 1695-ல் மறுபடி மேடையேறியபோது அவர் போட்ட இசையில் இது ஒரு ஹார்ன்பைப் (ஆங்கிலேய ஆட்ட இசை வகை). அந்த நவம்பரிலேயே பர்செல் போய்ச் சேர்ந்தார். அவருடைய நாடக இசையைத் தொகுத்து 1697-ல் வெளியிட்டது மனைவி ஃபிரான்சஸ். நடனப் புத்தகத்துக்காரர் பெயர் ஒட்டிக்கொண்டு, எழுதியவர் பெயர் உதிர்ந்துபோனது இப்படித்தான். பர்செலின் படைப்புப் பட்டியலில் தேட வேண்டிய எண் Z வரிசையில் 570.

நாலு கம்பி:
இரண்டு அச்சையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புரியும். 1697 தொகுப்பு நாலு தனித்தனிப் புத்தகம்: இரண்டு வயலின், ஒரு டெனர், ஒரு பேஸ். ‘டான்சிங் மாஸ்டர்’ கைக்கு அடக்கமான, அகலவாக்குப் புத்தகம். மேல்வரி மெட்டு மட்டும்தான், பேஸ் கிடையாது. அதற்குக் கீழே நடனக் குறிப்பு. தனி ஃபிடில்காரருக்கு அது போதும். குழுவாக வாசிப்பவர்கள் பேஸை நாடக இசையிலிருந்து எடுங்கள், ஊகித்துக் கார்டு (ஸ்வரக்கூட்டு) போடாதீர்கள். ஆனால் இரண்டும் ஒரே சுருதியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். நடன ஷீட்களில் சுருதியை மாற்றியிருப்பார்கள்; அப்படியே சேர்த்தால் முதல் பாரிலேயே (தாளக் கட்டத்திலேயே) இடிக்கும்.

நடனக் குறிப்பில் வரும் புள்ளிகளை அச்சுப்பிழை என்று தள்ளிவிடாதீர்கள். ஒரு புள்ளி என்றால் அந்தப் பகுதியை முதல் முறை வாசிப்பது, இரண்டு புள்ளி இரண்டாம் முறை.

மூன்றாம் ஜோடி:
ஆட்டத்துக்கு வருகிறேன். 3/2 தாளம், இரண்டு பகுதி, ஒவ்வொன்றும் 4 பார், ஒவ்வொன்றும் இரண்டு முறை. பாருக்கு 3 அடி வீதம் ஒரு சுற்றுக்கு 48 அடி.

ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் எதிர் வரிசை; இரண்டிரண்டு ஜோடியாக ஆடுவது. முதல் ஜோடி வெளிப்பக்கமாகத் திரும்பி இரண்டாம் ஜோடிக்குக் கீழே போய், நடுவில் ஏறித் தன் இடத்துக்கு வரும். அடுத்து இரண்டாம் ஜோடி அதையே மேல்நோக்கிச் செய்யும். பிறகு முதல் ஆணும் இரண்டாம் பெண்ணும் மூலைக்கு மூலை இடம் மாறுவார்கள், அடுத்து மற்ற இருவரும். கடைசியில் நால்வரும் கைகோத்து இடப்பக்கமாக அரைவட்டம், முதல் ஜோடி வெளிப்பக்கமாக ஒரு இடம் கீழே இறங்க, இரண்டாம் ஜோடி நடுவில் ஏறும்.

சொதப்புவது மூலை மாற்றத்தில்தான். குறுக்கே நடக்க 4 அடி போதும், இசை தருவது 6. நேர்கோட்டில் போனால் சீக்கிரம் சேர்ந்து மரம்போல் நிற்க வேண்டும். வளைந்து போங்கள், நடுவில் எதிராளி முகத்தைப் பாருங்கள்.

வாசிப்பவர் 3/4 என்று எடுத்துக்கொண்டு முதல் பீட்டில் குத்தினால் வால்ட்ஸ் ஆகிவிடும், ஆட்டம் செத்துவிடும். பாருக்குள்ளே அழுத்தம் இடம் மாறுவதுதான் இந்த ஹார்ன்பைப்பின் உயிர்.

பழைய அச்சு:
பதிப்பு விஷயம் ஒன்று. ‘டான்சிங் மாஸ்டர்’ முதல் பதிப்பு 1651-ல் ஜான் பிளேஃபோர்டு கொண்டுவந்தது. ஹென்றி அவர் மகன். பிறகு ஜான் யங் கைக்குப் போய் 1728 வாக்கில் 18-ஆம் பதிப்புவரை ஓடியது. பழைய நடனங்களைக் கழித்துப் புதியவை சேர்த்துக்கொண்டே வந்தார்கள். அதனால் வெறுமனே ‘பிளேஃபோர்டு’ என்று போட்டால் ஒன்றும் தெரியாது, பதிப்பும் ஆண்டும் வேண்டும்.

நாலு கம்பி:
‘பிகமிங் ஜேன்’ படத்தில் நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டின் ஆடுவது இதைத்தான். அவர் இளமைக்கு அது நூறு வருடப் பழசு! ‘ஆஸ்டின் கால நடனம்’ என்று தலைப்பிட்ட ஷீட் வந்தால், அதிலுள்ள மற்ற ஆண்டுகளையும் ஒருமுறை சரிபாருங்கள்.

மூன்றாம் ஜோடி:
இன்னொன்று விட்டுப்போச்சு. வரிசையில் 8 ஜோடி இருந்தால், தலையில் நிற்பவர்கள் கடைசி இடம் சேர 7 சுற்று. முனைக்கு வரும் ஜோடி ஒரு சுற்று சும்மா நின்று திரும்ப நுழைய வேண்டும். இந்த மூலை மாற்றத்தில் பக்கம் மாறுவதால்தான் அரைவட்டம் தேவைப்படுகிறது; ஆனால் அரைவட்டத்துக்குப் பின் எல்லோரும் தம் பக்கத்திலேயே இருப்பார்கள், ஆகவே முனையில் குழம்பிப் பக்கம் மாறிவிடாமல் அப்படியே நில்லுங்கள்.