பி0403 இஜிஆர் சர்க்யூட் கோடு, அழிச்சாலும் திரும்ப வருது, அவசரம்

முத்துநகர்_செல்வம்
வணக்கம். செக் எஞ்சின் லைட் எரியுது, வண்டி இழுக்கவே மாட்டேங்குது. ஓபிடி (கோளாறு கோடைப் படிக்கிற கருவி) போட்டுப் பார்த்தா பி0403ங்கற கோளாறு கோடு. இஜிஆர் வால்வை, அதான் எரிஞ்ச புகையில கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்குள்ள விடற வால்வை, கழட்டி கிளீன் பண்ணியாச்சு. கோடை அழிச்சா மறுபடி சாவி போட்டதும் வந்து நிக்குது. வால்வு அசெம்பிளியே மாத்தணும், 19,000 ஆகும்னு ஒர்க்‌ஷாப்ல சொல்றாங்க. வியாழக்கிழமை அப்பாவைக் கண் ஆபரேஷனுக்கு மதுரை கூட்டிட்டுப் போகணும். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

கோவை_கார்த்தி
என்ன வண்டி? எந்த வருஷம்? டீசலா பெட்ரோலா?

நெடுஞ்சாலை_நண்பன்
கண்டிப்பா கார்பன்தான் ப்ரோ. டவுனுக்குள்ளயே ஓட்டினா இப்படித்தான் அடைக்கும். பைபாஸ்ல ஏத்தி நாலாவது கியர்ல 3,000 ஆர்பிஎம்ல அரை மணி நேரம் ஓட்டுங்க. எனக்கு அப்படித்தான் சரியாச்சு.

டெல்டா_ராஜா
எத்தனை கி.மீ. ஓடியிருக்கு? வேற கோடு ஏதாவது கூட வருதா? கிளீன் பண்ணினது நீங்களா, ஒர்க்‌ஷாப்பா?

பழைய_ஸ்பேனர்
கோடுக்கு என்ன அர்த்தம்னு கூடப் பார்க்காம எல்லாரும் வைத்தியம் சொல்ல வந்துடறீங்க. 22 வருஷமா இதே வேலைதான் எனக்கு. பி0401னா கேஸ் போதுமான அளவு போகல. அங்க கார்பனைப் பத்திப் பேசலாம். பி0404னா சொன்ன அளவுக்கு வால்வு திறக்கல. பி0405, பி0406 ரெண்டும் வால்வு எவ்வளவு திறந்திருக்குன்னு சொல்ற பொசிஷன் சென்சார் சிக்னல். பி0403 கன்ட்ரோல் சர்க்யூட். ஈசியூ (எஞ்சினை நடத்தற கம்ப்யூட்டர்) கட்டளை கொடுக்குது, அந்த லைன்ல கரன்ட் ஓட வேண்டியபடி ஓடல. வால்வை எத்தனை தடவை கழுவினாலும் அறுந்த வயர் ஒட்டாது. தம்பி, கேட்ட விவரத்தை முதல்ல போடுங்க.

முத்துநகர்_செல்வம்
மன்னிக்கணும், அவசரத்துல விட்டுப் போச்சு. 2015 டீசல் செடான், 1,18,000 கி.மீ. வேற கோடு இல்ல. கிளீன் பண்ணினது நான்தான். வால்வு சாக்கெட்ல 5 பின் இருக்கு. மல்டிமீட்டர் வச்சிருக்கேன். சாக்கெட்டைக் கழட்டிட்டுப் பார்த்தேன், ஒரு பின்ல 12.4 வோல்ட், இன்னொண்ணுல 5 வோல்ட் வருது. அப்போ வயரிங் நல்லாத்தானே இருக்கு?

நெடுஞ்சாலை_நண்பன்
12 வருதுன்னா வயர் ஓகே. வால்வு காயில் போயிருக்கும். மாத்திடுங்க.

மின்வேலை_மணி
அவசரப்பட்டு 19,000 கொடுக்காதீங்க அண்ணா. சாக்கெட்டைக் கழட்டிட்டு மீட்டர்ல பார்த்தா கரன்ட்டே ஓடாது. பத்துல ஒரு இழை மிச்சம் இருந்தாலும், பச்சை பிடிச்ச ஜாயின்ட்டா இருந்தாலும் மீட்டர் முழு 12 காட்டும். வால்வு கரன்ட் இழுக்கும்போதுதான் குட்டு வெளிய வரும்.

21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒண்ணு எடுங்க. ஒரு முனை 12 வோல்ட் பின்ல, இன்னொரு முனை பேட்டரி நெகட்டிவ்ல. சாவி ஆன். பல்பு பளிச்னு எரியணும். மங்கலா எரிஞ்சாலோ, எரியும்போது மீட்டர் 12-ல இருந்து சடசடன்னு இறங்கினாலோ, ரிலேக்கும் வால்வுக்கும் நடுவுல எங்கயோ கோளாறு. பல்பு எரியும்போதே வயர் கட்டை அங்கங்க பிடிச்சு ஆட்டிப் பாருங்க, வெளிச்சம் துடிக்கிற இடம்தான் இடம்.

ஒண்ணு முக்கியம். 5 வோல்ட் பின்லயோ ஈசியூவுக்குப் போற கன்ட்ரோல் பின்லயோ பல்பை வச்சுடாதீங்க, ஈசியூ போயிடும்.

பழைய_ஸ்பேனர்
மணி சொல்றது சரி. ஆனா அது சோலனாய்டு (காயில் காந்தத்தால திறக்கிற) டைப்புக்கு மட்டும். மோட்டார் வச்ச வால்வுல பெரும்பாலும் நிரந்தர 12 வோல்ட் இருக்காது, ரெண்டு லைனும் ஈசியூவுக்கே போகும். இவர் வண்டியில 12 வருது, அதனால இந்த வழி பொருந்தும். கூடவே வால்வுப் பக்கம் காயில் ரெசிஸ்டன்ஸ் பாருங்க. சில ஓம் காட்டினா காயில் உயிரோட இருக்கு. ஓப்பன் (உள்ள அறுந்து தொடர்பே இல்ல) காட்டினா மட்டும் காசைச் செலவு பண்ணுங்க.

வைகை_டிரைவர்
இவ்வளவு தலைவலி எதுக்கு? தகடு வெட்டி இஜிஆரை அடைச்சுடுங்க. என் வண்டி மூணு வருஷமா அப்படித்தான் ஓடுது. பிக்கப் சூப்பர், புகைச் சான்றிதழும் வாங்கறேன்.

டெல்டா_ராஜா
அண்ணே, சான்றிதழ் கிடைக்கிறதுக்குக் காரணம் வேற. டீசலுக்குப் புகையோட அடர்த்தியை மட்டும்தான் அளக்கறாங்க, நைட்ரஜன் ஆக்சைடை அங்க யாரும் பார்க்கறதில்ல. இஜிஆர் இருக்கிறதே அதுக்குத்தான். எரிஞ்ச புகையில கொஞ்சத்தைத் திரும்ப உள்ள விட்டா எரியற வெப்பம் குறையும், அந்த வாயு உண்டாகறதும் குறையும். அது கண்ணுக்குத் தெரியாது, நுரையீரலுக்குத் தெரியும். என் பொண்ணுக்கு இளைப்பு இருக்கு, சிக்னல்ல நிக்கும்போது ஜன்னலை ஏத்திட்டுத்தான் நிப்பேன்.

வைகை_டிரைவர்
லாரியும் பஸ்ஸும் விடற புகைக்கு முன்னாடி என் ஒரு வண்டி என்ன பண்ணிடும்? கம்பெனிக்காரங்களே ஏமாத்தலையா?

டெல்டா_ராஜா
ஏமாத்தினாங்க, மாட்டினாங்க. 2015 செப்டம்பர்ல அமெரிக்காவுல வோக்ஸ்வாகன் சிக்கினது இதே நைட்ரஜன் ஆக்சைடு விஷயத்துலதான். அதைக் காட்டி நாமளும் செய்யலாம்னு சொல்றது நியாயமில்ல. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு இருக்கு, வண்டியை இஷ்டத்துக்கு மாத்த முடியாது.

பழைய_ஸ்பேனர்
சண்டையைத் தனியா வச்சுக்கங்க. தகடு போட்டாலும் இந்தக் கோடு போகாது. இது கரன்ட் சம்பந்தப்பட்ட கோடு, குழாயை அடைச்சா கரன்ட் எப்படித் திரும்பும்?

கோவை_கார்த்தி
செல்வம், வண்டி ராத்திரி எங்க நிக்குது? பானெட்டுக்குள்ள எலிப் புழுக்கை ஏதாவது? போன மழையில எனக்கு ஏபிஎஸ் வயரைக் கடிச்சு வச்சிருந்துச்சு.

மின்வேலை_மணி
கடற்கரை ஊர் வேற. எலி இல்லன்னா உப்புக்காத்து. பல்பு வச்சுப் பார்த்தீங்களா அண்ணா?

கோவை_கார்த்தி
ஆளையே காணோமே. நாளைக்கு வியாழக்கிழமை.

முத்துநகர்_செல்வம்
இப்பதான் முடிஞ்சது. காயில் நல்லா இருக்கு. பல்பு வச்சதும் மங்கலா மினுக்குச்சு, மீட்டர் 12.4-ல இருந்து 5-க்கு வந்துடுச்சு. மணி தம்பி சொன்னபடி ஆட்டிக்கிட்டே வந்தேன். பேட்டரி ட்ரேக்குக் கீழ, கிளாம்ப் பிடிக்கிற இடத்துல வெளிச்சம் துடிச்சுது. டேப்பைப் பிரிச்சா வயர் அங்க மட்டும் உப்பியிருக்கு. மேல் தோல் கிளாம்ப்ல உரசித் தேஞ்சிருக்கு, உள்ள செம்பு பச்சை மாவா உதிருது. ரெண்டே ரெண்டு இழைதான் பிடிச்சுக்கிட்டிருந்துச்சு. பழுதான பாகத்தை வெட்டிட்டு அதே தடிமன்ல புது வயர் சால்டர் பண்ணி, ஹீட் ஷ்ரிங்க் போட்டு, கிளாம்ப்பைத் தள்ளி மாட்டிட்டேன். செலவு 60 ரூபாய். 40 கி.மீ. ஓட்டிட்டேன், லைட் வரல. காலையில 4 மணிக்குக் கிளம்பறோம். எல்லாருக்கும் நன்றி.

மின்வேலை_மணி
ரொம்ப சந்தோஷம் அண்ணா. அப்பாவைப் பத்திரமாக் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. வந்ததும் கோடு ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க.

பழைய_ஸ்பேனர்
சால்டர் பண்ணின இடத்துக்கு ரெண்டு பக்கமும் வயர் ஆடாமக் கட்டியிருக்கீங்களா? இல்லன்னா அதிர்வுல சால்டர் முடியற விளிம்புல மறுபடி ஒடியும்.

தாமிரபரணி_87
எனக்கும் இஜிஆர் கோடு வருது, இதே வழிதானா?

பழைய_ஸ்பேனர்
எந்தக் கோடு?