வெளியே வந்த பையன் மறுபடி இறங்கலாமா?

தேவகோட்டை லெஃப்ட் பேக்:
போன ஞாயிற்றுக்கிழமை காரைக்குடியில் பதினாறு வயதுக்குட்பட்டோர் கால்பந்து மேட்ச். எங்கள் பையனுக்குக் கணுக்காலில் அடி பட்டது. பதற்றத்தில் உடனே அவனுக்குப் பதில் சப் (மாற்று ஆட்டக்காரர்) இறக்கிவிட்டோம். ஐஸ் வைத்தபின் பத்து நிமிடத்தில் ஓட ஆரம்பித்துவிட்டான். "மாற்றியாச்சு, இனி இறங்க முடியாது" என்று ரெஃப்ரி சொல்லிவிட்டார். அப்புறம் இன்னொருவனுக்குத் தசைப்பிடிப்பு. நாங்கள் வேனில் கூட்டிப்போனதே பன்னிரண்டு பேர். பத்துப் பேரோடுதான் ஆட்டத்தை முடித்தோம். பொங்கல் போட்டியிலாவது வெளியே வந்தவன் திரும்ப இறங்கலாம் என்று விதி வைக்க வேண்டும்.

பழைய ரெஃப்ரி, காரைக்குடி:
தம்பி, அவர் சொன்னது சரிதான். வெளியே போகிறவர் கோட்டைத் தாண்டியதும், ரெஃப்ரி அனுமதியோடு மாற்று ஆட்டக்காரர் நடுக்கோட்டருகே உள்ளே வருவார். அவர் கால் வைத்த நொடியில் மாற்றம் முடிந்தது. ஆனால் சப் இறக்காமல், காயத்துக்கு வைத்தியம் பார்க்க மட்டும் வெளியே கூட்டிவந்திருந்தால், ரெஃப்ரியிடம் கேட்டு அவனையே திரும்ப அனுப்பியிருக்கலாம். சில நிமிடம் பத்துப் பேரோடு தாக்குப்பிடித்திருக்க வேண்டும். அவசரப்பட்டுவிட்டீர்கள்.

பள்ளத்தூர் கோச்:
திரும்ப இறங்க விடுவதை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன். பதினெட்டுப் பேரோடு வரும் டீம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை புதுக்கால்களை இறக்கிக்கொண்டே இருக்கும். பன்னிரண்டு பேரோடு வரும் உங்கள் டீம்தான் முதலில் மூச்சு வாங்கும். ஒரு கோல் முன்னிலை கிடைத்ததும் கடைசிப் பத்து நிமிடம் ஆளை மாற்றியே ஓட்டிவிடுவார்கள். பெரிய போட்டிகளில் ஐந்து மாற்றம் கொடுத்தும், ஆட்டத்தை நிறுத்த மூன்று வாய்ப்பு மட்டும் வைத்திருப்பது இதற்காகத்தான். ஹாஃப் டைமில் மாற்றினால் அந்தக் கணக்கில் சேராது.

கோட்டையூர் கீப்பர்:
கோச் சார், இந்த விதி ஒரே இடத்தில் நின்றதில்லை. 1956இல் இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியில் மான்செஸ்டர் சிட்டி கீப்பர் டிராட்மன் கழுத்தெலும்பு முறிந்த நிலையில் கடைசிவரை நின்றார். அப்போது மாற்று ஆளே கிடையாது. உலகக் கோப்பையில் 1970இல்தான் மாற்றம் வந்தது, அதுவும் இரண்டே பேர். அந்த உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனி இரண்டையும் பயன்படுத்திவிட்டதால், தோள்பட்டை விலகிய பெக்கன்பவர் கையைக் கட்டிக்கொண்டு ஆடினார். இத்தாலி 4-3 என்று ஜெயித்தது. பிறகு மூன்று ஆனது. கொரோனாவில், 2020இல், தற்காலிகமாக ஐந்து. 2022இல் அதுவே நிரந்தரம். ஆட்டக்காரன் உடம்பை நினைத்துத்தானே ஒவ்வொரு தடவையும் மாற்றினார்கள்?

பள்ளத்தூர் கோச்:
எண்ணிக்கையைக் கூட்டினார்கள், சரி. போனவரைத் திரும்ப அழைத்தார்களா?

பழைய ரெஃப்ரி, காரைக்குடி:
அழைக்க இடம் இருக்கிறது கோச். சிறுவர், மூத்தோர், மாற்றுத்திறனாளிகள், அடிமட்டப் போட்டிகள் ஆகியவற்றில் தேசிய சங்கம் ஒப்புக்கொண்டால் திரும்ப இறங்கலாம் என்று விதிப்புத்தகமே சொல்கிறது. கமிட்டி சங்கத்தைக் கேட்டு முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். நடு ஆட்டத்தில் ரெஃப்ரியிடம் சண்டை போட்டு வாங்குகிற சலுகை அல்ல.

தேவகோட்டை லெஃப்ட் பேக்:
இது தெரியாமல் போயிற்றே அண்ணே. அன்று ஊர் வந்து சேரும்வரை அந்தப் பையன் யாரிடமும் பேசவில்லை.

பள்ளத்தூர் கோச்:
பதினாறு வயதுக்குட்பட்டோருக்கு மட்டும் என்றால் ஒத்துக்கொள்கிறேன். அதிலும் பதினான்கு பேருக்கு மேல் பட்டியல் கூடாது. அப்போதுதான் சின்ன டீமுக்கு நியாயம். பெரியவர்கள் ஆட்டத்தில் கேட்டால் கமிட்டியில் எழுந்து எதிர்ப்பேன்.

கோட்டையூர் கீப்பர்:
தலையில் அடிபட்டு மயங்கியவன் அன்று திரும்ப இறங்கவே கூடாது என்பதையும் சேருங்கள். அவன் "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வான். நானே அப்படிச் சொல்லி ஆடியிருக்கிறேன், இரண்டாம் பாதியில் நடந்தது எதுவும் நினைவில்லை.

தேவகோட்டை லெஃப்ட் பேக்:
மூன்றையும் எழுதி, கமிட்டி கூடும் அன்று கொண்டுவருகிறேன். அண்ணே, விதிப்புத்தகத்தோடு நீங்களும் வாருங்கள்.