கானின் சீற்றம்: ஸ்டார் டிரெக்கைக் காப்பாற்றிய படமா, திசைமாற்றிய படமா?

அந்திவான்:
1982இல் வந்த ‘ஸ்டார் டிரெக் 2: தி ராத் ஆஃப் கான்’ படத்தை நேற்றிரவு மறுபடி பார்த்தேன். இந்த வரிசையில் இதை மிஞ்சிய படம் இன்றுவரை வரவில்லை என்றே சொல்வேன். 1979இல் வந்த முதல் படத்துக்குச் சுமார் 4.4 கோடி டாலர் கொட்டினார்கள். இதற்குக் கிடைத்தது அதில் ஏறக்குறைய கால் பங்கு. எதிரி கான் கைப்பற்றும் ரிலையண்ட் விண்கப்பலுக்குத் தனி அரங்கு போட வசதியில்லாமல், நாயகர்களின் எண்டர்பிரைஸ் கப்பலின் கட்டளை அரங்கையே மாற்றி அலங்கரித்தார்கள். முதல் படத்தின் காட்சித் துண்டுகள் சிலவற்றையும் எடுத்து ஒட்டினார்கள். அப்படியும் படம் நிற்கிறது என்றால், இயக்குநர் நிக்கோலஸ் மேயர் மனிதர்களை நம்பியதுதான் காரணம்.

ஒரே ஒரு பொருளைக் கவனியுங்கள். நாயகன் கிர்க்கின் பிறந்தநாளுக்குக் கப்பல் மருத்துவர் மெக்காய் ஒரு மூக்குக் கண்ணாடி தருகிறார். தனக்கு வயதாகிவிட்டதை அந்தப் பரிசு சொல்வதைக் கிர்க்கால் தாங்க முடியவில்லை. பிறகு கான் தாக்கிக் கப்பல் புகைந்துகொண்டிருக்கும்போது, ரிலையண்டைத் தொலைவிலிருந்தே முடக்க உதவும் குறியீட்டு எண்ணைப் படிக்க அதே கண்ணாடியைத்தான் எடுத்து மாட்டிக்கொள்கிறார். கடைசியில், உற்ற நண்பரும் சக அதிகாரியுமான ஸ்பாக்கை இழந்துவிட்டுத் தன் அறையில் புத்தகத்தைத் திறக்கும்போது, அந்தக் கண்ணாடியின் வில்லை உடைந்திருக்கிறது. வசனம் எதுவும் தேவைப்படவில்லை. முதல் படத்தில் இப்படி ஒரு கணத்தைக் காட்டுங்கள், பார்க்கலாம்.

தொலைநோக்கி:
காட்டுகிறேன். அதற்கு முன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். இது மோசமான படம் என்று நான் சொல்லவே மாட்டேன். ஆனால் ஸ்டார் டிரெக் என்ற தொடர் எதற்காகப் பிறந்ததோ அதிலிருந்து அதை இழுத்துக்கொண்டு போனது இந்தப் படம்தான். தெரியாததைத் தேடிப் போவதுதான் அந்தக் கப்பலின் வேலை. இந்த இரண்டாம் படத்தில் யாரும் எதையும் தேடிப் போகவில்லை. பழைய பகை ஒன்று அவர்களைத் தேடி வருகிறது.

முதல் படத்தில் எண்டர்பிரைஸ் எத்தனை முறை சுடுகிறது தெரியுமா? ஒரே முறை. அதுவும் வழியில் குறுக்கிட்ட ஒரு விண்கல்லை நோக்கி. பூமியையே அழிக்க வந்த வீஜர் என்ற மாபெரும் இயந்திரத்தின் நடுவில் இருப்பது மனிதர்கள் அனுப்பிய ஒரு வாயேஜர் ஆய்வுக்கலம். தன்னைப் படைத்தவனைத் தேடி அது திரும்பி வந்திருக்கிறது. அதை வெடிவைத்துத் தகர்க்காமல் அதன் கேள்விக்குப் பதில் கொடுத்து முடிக்கிறார்கள். நீங்கள் கேட்ட கணம் அங்கேதான் இருக்கிறது: வீஜரின் மனத்தைத் தொட்டு வந்த ஸ்பாக், படுக்கையில் கிடந்தபடி கிர்க்கின் கையைப் பற்றி, இந்த எளிய உணர்வு அதற்குப் புரியாது என்கிறார். வாழ்நாள் முழுவதும் உணர்ச்சியை ஒதுக்கியவர் பேசுகிற பேச்சு அது. உங்கள் மூக்குக் கண்ணாடிக்கு அது எந்த விதத்திலும் குறைந்ததில்லை.

இரண்டாம் படத்தின் வெற்றிக்குப் பிறகு தயாரிப்பாளர்களுக்கு ஒரே சூத்திரம்தான் தெரிந்தது: வஞ்சம் தீர்க்க வரும் ஒருவன், அவன் கையில் பேரழிவு ஆயுதம். 2002, 2009, 2013 படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

எண்சுவடி:
அறிவியல் பக்கமும் கொஞ்சம் பார்க்கலாம். முதாரா நெபுலா என்ற வாயு மேகத்துக்குள் நடக்கும் இறுதிப் போரில் ஒரு கப்பலுக்கு மற்றது தெரிவதில்லை. உண்மையில் ஓரியன் நெபுலாவின் அடர்ந்த பகுதியிலேயே ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 10,000 துகள்கள்தான் இருக்கும். நாம் மூச்சிழுக்கும் காற்றில் அதே அளவு இடத்தில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். அங்கே கப்பலை மறைக்க எதுவுமே இல்லை. நீர்மூழ்கிக் கப்பல் சண்டையை அப்படியே விண்ணுக்குத் தூக்கி வந்திருக்கிறார்கள்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. சேட்டி ஆல்பா மண்டலத்தில் ஆறாவது கோள் வெடித்துச் சிதறிவிட்டது. அங்கு ஆய்வுக்கு வரும் ரிலையண்ட் ஒரு கோள் குறைவதைக் கவனிக்காமல், கிர்க் முன்பு கானை விட்டுவந்த ஐந்தாவதை ஆறாவது என்று எண்ணிவிடுகிறது. அப்படித்தான் கானிடம் மாட்டிக்கொள்கிறார்கள். இந்தப் பிழை இல்லாவிட்டால் கதையே இல்லை.

ஆனால் உயிரற்ற கோளை உயிருள்ளதாக்கும் ஜெனிசிஸ் கருவியின் செய்முறை விளக்கக் காட்சிக்கு நான் தலைவணங்குகிறேன். உயிரற்ற கோளில் தீ பரவி, மலைகள் எழுந்து, கடல் விரியும் சுமார் ஒரு நிமிடக் காட்சி. லூகாஸ்ஃபிலிமின் கணினிப் பிரிவு செய்தது. பின்னாளில் பிக்சார் ஆனவர்கள். தீயைத் துகள் துகளாகக் கணக்கிட்டிருக்கிறார்கள், மலைகளை ஃபிராக்டல் (ஒரே வடிவம் சிறிதும் பெரிதுமாகத் திரும்பத் திரும்ப வரும்) கணிதத்தால் எழுப்பியிருக்கிறார்கள். 1982இல்!

அந்திவான்:
எண்சுவடி சொல்லும் கோள் கணக்கை நான் மறுக்கவில்லை. இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கான் முதலில் தோன்றிய தொலைக்காட்சி அத்தியாயம் 1967 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. இந்தப் படத்தில் ரிலையண்டிலிருந்து கோளில் இறங்கும் அதிகாரி செக்காவ் தொடரில் சேர்ந்ததே அந்த ஆண்டின் பிற்பகுதியில்தான். இருந்தும் கான் அவரைக் கண்டதும் அடையாளம் தெரிந்துகொள்கிறான். கானாக நடித்த ரிக்கார்டோ மான்டல்பான் அந்த வசனத்தைச் சொல்லும் விதத்தில் எனக்கு இந்தக் கேள்வியே எழவில்லை.

தொலைநோக்கிக்கு: பின்னால் வந்தவர்கள் நகலெடுத்ததற்கு மேயர் எப்படிப் பொறுப்பாவார்? அவர்கள் வில்லனை மட்டும் எடுத்துக்கொண்டு, முதுமையையும் சாவையும் விட்டுவிட்டார்கள்.

தொலைநோக்கி:
சரி, மேயரை விடுவோம். ஆனால் வில்லன் இல்லாமலே இந்தத் தொடர் வென்றிருக்கிறதே. 1986இல் வந்த நான்காம் படத்தில் திமிங்கிலங்களைத் தேடிப் போகிறார்கள், அவ்வளவுதான். அமெரிக்க வசூல் சுமார் 11 கோடி டாலர். இரண்டாம் படத்துக்குச் சுமார் 8 கோடி. அந்த வழியில் ஏன் தொடர்ந்து போகவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

அந்திவான்:
நீங்களே என் கட்சிக்குச் சாட்சி கொண்டுவந்துவிட்டீர்கள். நான்காம் படத்தின் தொடக்கத்தில், மூன்றாம் படத்தில் உயிர்மீண்ட ஸ்பாக்கிடம் ஒரு கணினி “எப்படி உணர்கிறீர்கள்?” என்று கேட்கிறது. அவருக்குக் கேள்வியே விளங்கவில்லை. கடைசியில், நலமாக உணர்கிறேன் என்று தன் தாய்க்குச் சொல்லியனுப்புகிறார். அவர் இரண்டாம் படத்தில் செத்திருக்காவிட்டால் இந்தப் பதிலுக்கு என்ன எடை இருந்திருக்கும்?

நீள்துயில்:
அந்தச் சாவுக் காட்சியைப் பற்றி ஒரு வார்த்தை. கப்பலைக் காப்பாற்றக் கதிர்வீச்சு நிறைந்த அறைக்குள் போய்க் கண்பார்வை இழந்த ஸ்பாக், எழுந்து நின்றதும் முதலில் செய்வது தன் சீருடையை இழுத்துச் சரிசெய்வது. பிறகு நடந்து வந்து, தெரியாமல் கண்ணாடித் தடுப்பில் முட்டிக்கொள்கிறார். எத்தனை முறை பார்த்தாலும் அந்த முட்டலில் என் நெஞ்சு அடைத்துக்கொள்கிறது. 2013 படத்தில் தடுப்புக்குள் கிர்க்கையும் வெளியே ஸ்பாக்கையும் மாற்றி நிறுத்தி இதே காட்சியை எடுத்தார்கள். செத்தவர் அந்தப் படத்துக்குள்ளேயே பிழைத்துக்கொண்டார். 1982இல் பார்த்தவர்கள் இரண்டு ஆண்டுகள் துக்கத்தோடு காத்திருந்தார்கள்.

தொலைநோக்கி:
அந்தக் காட்சிக்கு எதிராக என்னிடம் எந்த வாதமும் இல்லை. ஆனால் படம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஜெனிசிஸ் உருவாக்கிய புதிய கோளில் ஸ்பாக்கின் சவப்பேழை கிடப்பதைக் காட்டும் இறுதிக் காட்சி, முன்னோட்டம் பார்த்தவர்கள் சோர்ந்துபோனதால் பின்னர் சேர்த்தது. மேயருக்கே அதில் உடன்பாடில்லை. அவர் பக்கம்தான் நானும்.

ஒரு வேண்டுகோள், அந்திவான். முதல் படத்தை இன்னொரு முறை பாருங்கள். கிர்க்கும் பொறியாளர் ஸ்காட்டியும் சிறு கலத்தில் எண்டர்பிரைஸைச் சுற்றி வரும் அந்த நீண்ட காட்சியை எல்லோரும் ஓட்டிவிடுகிறார்கள். நீங்கள் ஓட்டாமல் கிர்க்கின் கண்களை மட்டும் பாருங்கள்.

அந்திவான்:
உண்மையைச் சொன்னால், போன முறை நானும் அதை ஓட்டிவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதுமாகப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன். இரண்டாம் படத்தைப் பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை.