ஆட்டோமேட்டிக் பழைய கார்: 1.2 போதுமா, 1.5 எடுக்கலாமா? ஞாயிறுக்குள் சொல்லுங்கள்

கெடிலக்கரை | வெள்ளி, இரவு 9.48
வணக்கம். செகண்ட் ஹேண்டில் ஆட்டோமேட்டிக் கார் ஒன்று எடுக்கப் போகிறேன். 1.2 லிட்டர் இன்ஜின் எடுப்பதா 1.5 எடுப்பதா என்று முடிவு பண்ண முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் அட்வான்ஸ் கொடுக்கச் சொல்லி புரோக்கர் நெருக்குகிறார், வேறு ஆள் ரெடியாக இருக்கிறாராம். 1.5 என்றால் மைலேஜ் ரொம்ப அடிபடுமா? டிஎஸ்ஜி என்கிற இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸை நம்பி எடுக்கலாமா? அனுபவம் உள்ளவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

முள்ளோடை | வெள்ளி, இரவு 9.55
என்ன வண்டி சகோ? எந்த வருஷம், எவ்வளவு ஓடியிருக்கிறது?

சில்வர்பீச் | வெள்ளி, இரவு 10.02
பட்ஜெட் எவ்வளவு? பெட்ரோலா டீசலா? தினமும் ஓட்டுவீர்களா, வாரக் கடைசிக்கு மட்டுமா? இதெல்லாம் தெரியாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது.

டார்க்மாஸ்டர் | வெள்ளி, இரவு 10.20
இதே கேள்வி மாதா மாதம் வருகிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டு வந்து கேட்டால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். சிசியை வைத்து காரை எடை போடுவது பைக் வாங்கும் பழக்கம். காருக்கு அது உதவாது.

ஆயில்கேன் | வெள்ளி, இரவு 10.41
என் கேள்வி ஒன்றுதான். கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றினார்கள்? பில் இருக்கிறதா? இன்ஜின் 1.2 ஆனாலும் 1.5 ஆனாலும் அப்புறம் பார்க்கலாம்.

கெடிலக்கரை | சனி, காலை 7.10
மூன்று வண்டி பார்த்தேன், மூன்றும் பெட்ரோல். 2018 ஹோண்டா சிட்டி 1.5 சிவிடி (பெல்ட் வகை ஆட்டோமேட்டிக்), பிஒய் 01, அதாவது பாண்டி நம்பர். 2019 பலேனோ 1.2 சிவிடி, டிஎன் 31, கடலூர் நம்பர். 2017 போலோ ஜிடி 1.2 டிஎஸ்ஜி, அதுவும் பிஒய். பட்ஜெட் ஆறரை லட்சம். வீடு கடலூர் மஞ்சக்குப்பம், வேலை பாண்டியில், தினம் போய் வரணும். அப்பா அம்மாவும் இதில்தான் வருவார்கள்.

டார்க்மாஸ்டர் | சனி, காலை 7.52
இதை நேற்றே எழுதியிருக்கலாம். இப்போது கவனமாகப் படியுங்கள்.

நம் ஊரில் 1.2 பெட்ரோல் வண்டிகள் மலிந்து கிடப்பதற்குக் காரணம் வரி. நான்கு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் இன்ஜின் இருந்தால் சிறிய கார் என்று 2006 பட்ஜெட்டில் கலால் வரியைக் குறைத்தார்கள். கம்பெனிகள் எல்லாம் அந்த வரம்புக்குள் இன்ஜினை அடக்கிக்கொண்டன. அதனால் 1.2 என்று போட்டிருந்தால் அதற்குள் எதுவும் இருக்கலாம். பலேனோவின் 1.2 டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) இல்லாதது, சக்தி 83 பிஎஸ் சொச்சம். போலோ ஜிடியின் 1.2 டர்போ, 105 பிஎஸ், இழுவை 175 நியூட்டன் மீட்டர். சிட்டியின் 1.5 டர்போ இல்லாதது, 119 பிஎஸ், 145 நியூட்டன் மீட்டர். அதாவது இழுவையில் அந்த 1.2 இந்த 1.5-ஐ மிஞ்சும், அதுவும் 1500 ஆர்பிஎம்மிலேயே. சிட்டிக்கு அதன் முழு இழுவை வர 4600 வரை சுற்ற வேண்டும்.

ஓட்டும் சுகம் வேண்டுமா, போலோ. வேறு பேச்சே வேண்டாம்.

முள்ளோடை | சனி, காலை 8.15
மாஸ்டர், கணக்கு சரி. ஆனால் இவர் ஓட்டப் போகிற ரோட்டையும் பாருங்கள். காலை ஒன்பது மணிக்கு அரியாங்குப்பத்திலிருந்து மரப்பாலம் சிக்னல் வரை வண்டி ஓடாது, ஊரும். போலோ ஜிடி 1.2-இல் இருப்பது ஏழு கியர், உலர் கிளட்ச் வகை டிஎஸ்ஜி. உள்ளே இரண்டு கிளட்ச். ஒன்று ஓடும் கியரைப் பிடித்திருக்கும், மற்றது அடுத்த கியரைத் தயாராக வைத்திருக்கும். திறந்த ரோட்டில் மாற்றுவதே தெரியாது. ஆனால் ஊரும்போது கிளட்ச் பாதி பிடித்த நிலையிலேயே உரசிக்கொண்டிருக்கும். அதைக் குளிர்விக்க ஆயில் கிடையாது, சூடு ஏறும். தினமும் காலையும் மாலையும் அதே ரோடு என்றால் தேய்மானத்தைக் கேட்கவே வேண்டாம். 2020-க்குப் பிறகு வந்த 1.0 டர்போ போலோவில் டார்க் கன்வர்ட்டர் (ஆயில் வழியாக விசையைக் கடத்தும் வகை) வைத்துவிட்டார்கள். அது கிடைத்தால் யோசிக்கலாம், இந்த விலைக்குக் கிடைப்பது கஷ்டம்.

சில்வர்பீச் | சனி, காலை 8.31
எதற்கு இந்தத் தலைவலி? ஸ்விஃப்ட் ஏஎம்டி எடுங்கள். உள்ளே சாதா மேனுவல் கியர்பாக்ஸ்தான், கிளட்ச் மிதித்து கியர் மாற்றும் வேலையை மட்டும் மோட்டார் பார்க்கிறது. கடலூரில் எந்த மெக்கானிக்கும் கை வைப்பார். மைலேஜும் மேனுவல் அளவுக்கு வரும்.

ஆயில்கேன் | சனி, காலை 8.44
செலவு குறைவு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏஎம்டியிலும் ஒற்றை கிளட்ச் உரசித்தான் ஊர வேண்டும், கியர் மாறும்போது தலை ஆடும். வயசானவர்களைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு அந்த ஆட்டம் வேண்டாம். அவர் பார்த்திருக்கும் மூன்றில் இரண்டு சிவிடி. அதைப் பற்றிப் பேசுவோம்.

பழையபாண்டி | சனி, காலை 9.05
பிஒய் நம்பரே எடுங்கள். வண்டி விலையும் குறைவு, வரியும் குறைவு.

சில்வர்பீச் | சனி, காலை 9.12
வீடு மஞ்சக்குப்பத்தில் இருக்கும்போது பிஒய் நம்பரில் எத்தனை நாள் ஓட்ட முடியும்? வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவு சொல்கிறது. பாண்டியில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, இங்கே ஆர்டிஓ ஆபீஸில் வண்டியின் வயசுக்கு ஏற்ப வரி கட்டி, டிஎன் 31 ஆக்க வேண்டும். அந்தக் காசையும் வண்டி விலையோடு கூட்டிப் பாருங்கள், மலிவு எங்கே போகிறதென்று தெரியும்.

பழையபாண்டி | சனி, காலை 9.20
கடலூரில் பாதி வண்டி பிஒய் நம்பர்தான். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் தினமும் பார்க்கிறேன், யாரும் கேட்பதில்லை.

சில்வர்பீச் | சனி, காலை 9.26
கேட்காதது வேறு, சட்டம் வேறு. கேட்கிற நாளில் அபராதம் கட்டப் போவது நீங்களா அவரா? உங்கள் முகவரி பாண்டி, உங்களுக்குப் பிரச்சினை இல்லை.

பழையபாண்டி | சனி, காலை 9.33
அவருக்கு வேலை பாண்டியில்தானே? வண்டி பாதி நாள் இங்கேதான் நிற்கப் போகிறது. பெட்ரோலும் எல்லையில் கன்னியக்கோயில் தாண்டித்தான் போடுவார். கடலூர்க்காரர்கள் எல்லாரும் இங்கே வந்துதானே நிரப்புகிறீர்கள்?

சில்வர்பீச் | சனி, காலை 9.37
வண்டி எங்கே நிற்கிறது என்பதா கணக்கு? ஆர்சியில் முகவரி எங்கே என்று பாருங்கள்.

முள்ளோடை | சனி, காலை 9.50
இரண்டு பேரும் இதற்குத் தனி இழை போடுங்கள் அண்ணே. அவர் நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கணும்.

ஆயில்கேன் | சனி, காலை 10.30
தம்பி, சிவிடியில் பல் சக்கர கியர் வரிசை கிடையாது. இரண்டு கப்பிகளுக்கு நடுவில் ஒரு உலோக பெல்ட். கப்பிகள் விரிந்தும் சுருங்கியும் விகிதத்தை மாற்றும். ஊர்கிற டிராஃபிக்கில் இதைப் போல வழவழப்பு வேறு எதிலும் வராது. ஆக்சிலேட்டரைச் சட்டென்று மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் பின்னால் வரும். 1.2-இல் அது நன்றாகவே தெரியும். நாலு பேரும் ஏசியுமாக லாரியைத் தாண்ட நினைத்தால் இடம் பார்த்துத்தான் தாண்டணும். 1.5-இல் அந்தக் கவலை குறைவு. ஆனால் உங்கள் ரோட்டில் அதற்கு வாய்ப்பே அபூர்வம்.

அந்த பெல்ட்டும் கப்பியும் வழுக்காமல் பிடிப்பது ஆயிலின் தன்மையால். அதற்கென்று உள்ள சிவிடி ஆயில்தான் ஊற்ற வேண்டும். ஹோண்டா என்றால் எச்சிஎஃப்-2. சாதா ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றிய வண்டியைத் தொடவே வேண்டாம். 40,000 கிலோமீட்டர் வாக்கில் மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று புரோக்கர் சொன்னால் மாற்றவில்லை என்று அர்த்தம்.

வண்டி பார்க்கக் காலையில் போங்கள், நீங்கள் வரும் முன்பு ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டு. போனதும் பானெட்டில் கை வையுங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் பண்ணி, பிரேக்கை மிதித்தபடியே டி, என், ஆர் என்று மாற்றுங்கள். போட்ட ஒரு விநாடிக்குள் மெதுவாகப் பிடிக்கணும். தாமதித்து 'டொக்' என்று பிடித்தால் வேண்டாம். பிறகு 20-லிருந்து 40 வரை மிக மெதுவாக ஏற்றுங்கள், ஏசி போட்டபடி. அந்த இடத்தில் ஸ்டியரிங்கில் மெல்லிய நடுக்கம் வந்தால், அதுதான் சிவிடியின் வியாதி. 'வீல் அலைன்மென்ட்' என்பார்கள், நம்பாதீர்கள்.

தென்பெண்ணை | சனி, காலை 11.05
சிட்டி எந்தப் பகுதி வண்டி? 2024 நவம்பர் 30 ஃபெங்கல் புயலில் பாண்டியில் ஒரே நாளில் 48 செ.மீ. மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். நம் பக்கமும் சாத்தனூர் அணை திறந்து தென்பெண்ணைக் கரையோரம் மூழ்கியது. அதனால் டிஎன் 31 வண்டி என்று அசட்டையாக இருக்க வேண்டாம். சீட் பெல்ட்டை முழுதாக, கடைசி வரை இழுத்துப் பாருங்கள். தண்ணீரில் நின்ற வண்டியில் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை கோடாகத் தெரியும். கழுவுகிறவர்கள் அதுவரை போவதில்லை. முன் சீட்டின் அடித் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா என்றும் பாருங்கள். 2025 இன்ஷூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் வாங்காததற்குத் தரும் தள்ளுபடி) சுழியம் என்று இருந்தால் முந்தின வருஷம் எதற்கு கிளெய்ம் வாங்கினார்கள் என்று கேளுங்கள்.

இன்னொன்று. ஆட்டோமேட்டிக் ஏன் வேண்டும் என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

கெடிலக்கரை | சனி, மதியம் 1.15
எனக்கு இடது கால் முட்டி தேய்ந்திருக்கிறது, கிளட்ச் மிதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பாவுக்கும் முட்டி வலி. மாதம் ஒருமுறை ஜிப்மர் கூட்டிப் போகணும். சிட்டி முத்தியால்பேட்டை வண்டி.

தென்பெண்ணை | சனி, மதியம் 1.40
அப்படியென்றால் இன்ஜினையும் விடுங்கள், கியர்பாக்ஸையும் விடுங்கள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு வண்டியிலும் உட்கார வையுங்கள். சிட்டியில் சீட் தாழ்வு. உள்ளே இறங்கி உட்கார்வது சுலபம், எழுந்திருக்கும்போது உடம்பு எடை முழுக்க முட்டியில் இறங்கும். என் அத்தைக்கு செடான் காரில் ஏறி இறங்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது. ஓட்டும் சீட்டில் நீங்களும் ஐந்தாறு முறை ஏறி இறங்கிப் பாருங்கள். உயரத்தைக் கூட்டும் வசதி இருந்தால் கூட்டி வைத்துப் பாருங்கள்.

டார்க்மாஸ்டர் | சனி, மதியம் 2.10
சீட் உயரத்துக்காக 119 பிஎஸ் இன்ஜினை விடச் சொல்வதை முதல் தடவையாகக் கேட்கிறேன்.

தென்பெண்ணை | சனி, மதியம் 2.18
முட்டி வலி உள்ளவர் வீட்டில் இருந்தால் கேட்டிருப்பீர்கள் சார். தினமும் ஏறி இறங்கப் போவது அவர்கள்.

கெடிலக்கரை | திங்கள், இரவு 8.55
எல்லாருக்கும் நன்றி. சிட்டியில் அப்பாவால் எழ முடியவில்லை. போலோவைப் பார்க்கப் போகவில்லை. பலேனோ பேசி முடித்தாச்சு. நடுக்கம் இல்லை, சீட் பெல்ட் சுத்தமாக இருந்தது. கியர் ஆயில் மாற்றிய பில் இல்லை, அதற்கு விலையில் குறைத்தார்கள்.

ஆயில்கேன் | திங்கள், இரவு 9.03
இந்த வாரமே கம்பெனி சர்வீஸில் விட்டு சிவிடி ஆயிலை மாற்றிவிடுங்கள், தள்ளிப் போடாதீர்கள். மொத்தம் எவ்வளவு ஓடியிருக்கிறது? நீங்கள் கடைசி வரை சொல்லவில்லை.

முள்ளோடை | செவ்வாய், காலை 6.40
வாழ்த்துகள் சகோ. எவ்வளவுக்கு முடிந்தது?

பழையபாண்டி | புதன், இரவு 7.30
அந்த பிஒய் சிட்டி இன்னும் இருக்கிறதா? புரோக்கர் எந்த ஏரியா?