குல்மோகர் மரத்தின் பழைய பெயருக்கு உரியவர் கடற்கொள்ளையரா?

கேள்வி (அடையாறு, சென்னை):
எங்கள் தெருவில் மே மாதம் சிவந்து நிற்கும் குல்மோகரின் பழைய பெயரான 'பாயின்சியானா', இரகசியச் சங்கம் ஒன்றைச் சேர்ந்த கடற்கொள்ளையரால் வந்தது என்று நண்பர் சொல்கிறார். இது உண்மைதானா?

பதில் 1:
பாதி உண்மை. அப்பெயருக்கு உரியவரான பிலிப் த புவான்சி (1584–1660) மால்ட்டா வீரத்துறவியர் சபை என்னும் கத்தோலிக்கப் போர்வீரத் துறவியர் அமைப்பைச் சேர்ந்தவர். அச்சபை இரகசியமானதன்று, ஆனால் மத்தியதரைக் கடலில் முஸ்லிம் கப்பல்களை மடக்கிப் பொருள் பறிப்பதை அறப்போராகவே கருதியதால், 'கொள்ளையர்' என்ற பட்டம் அவருக்கும் ஒட்டிக்கொண்டது போலும். 1639இல் கரீபியக் கடலின் செயிண்ட் கிட்ஸ் தீவுக்குப் பிரெஞ்சு ஆளுநராக வந்த அவர், 1645இல் தமக்கு மாற்றாக அனுப்பப்பட்டவரை ஏற்க மறுத்து, பின்னர் சிறைப்பிடித்துப் பிரான்சுக்கே திருப்பி அனுப்பினார் (துணிச்சல்தான்!). அவர் முயற்சியால் சபை 1651இல் நான்கு தீவுகளை விலைக்கு வாங்கி, 1665இல் விற்றுவிட்டது.

பதில் 2:
ஒரு திருத்தம். குல்மோகர் மடகாஸ்கருக்கு உரியது. தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய சுவீடன் அறிஞர் லின்னேயஸ் 'பாயின்சியானா' என்று குறித்தது நம் வீட்டு வாசல்களில் வளரும் மயில்கொன்றைச் செடியை. குல்மோகருக்கு அப்பெயர் பின்னரே வந்தது.

கேட்டவர்:
மிக்க நன்றி. மயில்கொன்றையும் எங்கள் மதிலோரம் நிற்கிறது. நண்பரிடம் அதைக் காட்டுகிறேன்.