மூணாவது ஸ்ட்ரிங், ஒன்பதாவது ஃப்ரெட்: உதவி தேவை

வணக்கம் நண்பர்களே. என் கிடார் ஸ்ட்ராட் மாடல், எலெக்ட்ரிக். போன மாசம் 10 கேஜ் ஸ்ட்ரிங் செட்டைக் கழட்டிட்டு, அதைவிட மெல்லிசான 9 செட் போட்டேன். அன்னையிலேர்ந்து ஆறாவது ஸ்ட்ரிங்ல முதல் நாலு ஃப்ரெட்டும் (நெக்ல, அதாவது கிடார் கழுத்துல, குறுக்கே பதிச்சிருக்கற உலோகக் கம்பி) 'ஸ்ர்ர்'ருனு இரைச்சல். முதல் ஃப்ரெட்ல கேப்போ (ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடிக்கற கிளிப்) மாட்டி, கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பார்த்தா, எட்டாவது ஃப்ரெட்டுக்கும் ஸ்ட்ரிங்குக்கும் நடுவுல காகிதம்கூட நுழையல. 0.25 மி.மீ. கிட்ட இடைவெளி இருக்கணுமே! மெல்லிசு ஸ்ட்ரிங், இழுவை குறைஞ்சு நெக் பின்னால வளைஞ்சிருக்கு. ட்ரஸ் ராடை (நெக்குக்குள்ள வளைவைச் சரிபண்ற இரும்புக் கம்பி) கால் சுற்று தளர்த்தினேன், அது சரியாயிடுச்சு.

சரியாகாதது மூணாவது ஸ்ட்ரிங்ல ஒன்பதாவது ஃப்ரெட், அங்க இன்னும் இரைச்சல். எட்டும் பத்தும் சுத்தமா பேசுது. பழைய ஏடிஎம் கார்டோட குட்டைப் பக்கத்தை 9, 10, 11 மேல நிறுத்தினா டக் டக்னு ஆடுது. அப்போ பத்தாவதுதான் தூக்கிட்டு நிக்குது, இல்லையா? விரலால அழுத்தினா அசையல.

ரப்பர் சுத்தியால தட்டினா உட்காருமா, இல்ல அந்த ஒண்ணை மட்டும் அரம் போட்டுத் தேய்க்கலாமா? கடைக்காரர் எல்லா ஃப்ரெட்டையும் சேர்த்து லெவல் பண்ணணும் (ஒரே மட்டத்துக்குத் தேய்க்கணும்)ங்கறார். வீட்டுல செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க. "ஆம்ப்ளிஃபயர்ல கேக்கலைன்னா விட்டுடு"ன்னு மட்டும் வேணாம், ஆம்ப்லயும் கேக்குது.